உறைக்குக் கொஞ்சம் புழு

எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் உறைமோர் கேட்டு வராத வீடு கிடையாது. முதல் நாள் தயிர் துளி மிச்சமில்லாமல் தீர்ந்து, காய்ச்சிய பால் வெதுவெதுவென்று ஆறிக்கொண்டிருக்கும் ராத்திரி எட்டு மணி வாக்கில், யார் வீட்டுப் பிள்ளையாவது ஒரு சின்னக் கிண்ணத்தோடு வாசலில் நின்று, "அம்மா உறைக்குக் கொஞ்சம் மோர் கேட்டாங்க" என்று இழுக்கும். என் அம்மா ஒரு கரண்டி ஊற்றிக் கொடுப்பாள். அடுத்த வாரமே நாங்கள் தயிரை வழித்துத் தின்றுவிட்டு விழித்துக்கொண்டிருக்கும் ஒரு ராத்திரியில், அதே கிண்ணத்தோடு அதே வீட்டு வாசலில் நான் நிற்பேன். எங்கள் மோர் அங்கே போய்த் தயிராகி, அங்கிருந்து உறையாகி, மறுபடி எங்கள் பாலுக்குள் வந்து சேரும். அது யார் வீட்டு மோர் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. இன்று தயிர் பாக்கெட்டில் வருகிறது, நன்றாகவும் இருக்கிறது, வாசலில் யாரும் நிற்பதில்லை. உங்களுக்கும் அந்தக் கிண்ணம் நினைவிருக்கும். எனக்கு அது மறக்கவே இல்லை. காரணம், பிறகு என் வாழ்க்கையில் அதே கிண்ணம் வேறொரு உருவத்தில் திரும்பி வந்தது. அதில் மோருக்குப் பதில் புழு இருந்தது.

முகம் சுளிக்க வேண்டாம். நான் சொல்லும் புழு சாக்கடைப் புழுவும் இல்லை, கறியில் நெளியும் புழுவும் இல்லை. வெள்ளைப்புழு என்று பெயர். மண்புழுவுக்குத் தூரத்துச் சொந்தம். முழுதாக வளர்ந்தால் ஓர் அங்குலம், சற்றுக் கூடினாலும் கூடும். தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிமன். சேமியாவை வேகவைத்து நறுக்கிப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும், அசைவதைத் தவிர. மீன் வளர்ப்பவர்கள் இதை வீட்டிலேயே ஒரு பெட்டி மண்ணில் வளர்த்து, வாரத்துக்கு இரண்டு தடவை மீனுக்குப் போடுவார்கள். இதைத் தின்ற மீனின் நிறத்தையும் சுறுசுறுப்பையும் பார்த்தவர்கள், அப்புறம் மண்ணைக் கிளறச் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் மீனைக் கண்டுபிடித்தது மூர் மார்க்கெட்டில். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, சிவப்புக் கட்டடமாக, பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் கிளியும் முயலும் மீனும் ஒரே கூரையின் கீழ் விற்ற அந்த மூர் மார்க்கெட்டுக்கு, அயனாவரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னைக் கூட்டிப்போவார். அவர் புத்தகக் கடையில் குனிந்திருக்கும் ஒரு மணி நேரமும் நான் மீன் பாட்டில்களின் முன்னால் குந்தியிருப்பேன். 1973இல், எனக்குப் பத்து வயதில், அப்பா வாங்கிக் கொடுத்த முதல் மீன் ஒரு நீல ஃபைட்டர். ஹார்லிக்ஸ் பாட்டிலில் அதை விட்டு, பாட்டிலைப் பாடப் புத்தகத்துக்கு எதிரே வைத்துக்கொண்டேன். அந்த வருஷம் கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அந்த நீல வாலைத்தான் நன்றியோடு நினைத்துக்கொள்ள வேண்டும்: அது தூங்கும்வரை நானும் தூங்காமல் உட்கார்ந்து படித்தேன்.

அந்த மீனுக்குத் தீனி, செம்புழு. டியூபிஃபெக்ஸ் என்ற பெயரை நான் கேட்டது வெகுநாள் கழித்து. ஓடாத சாக்கடையின் அடிச்சேற்றில் தலையைப் புதைத்து வாலை மேலே ஆட்டிக்கொண்டு லட்சக்கணக்கில் வாழும் அதை, வாரிக் கழுவி, நாலணாவுக்கு ஒரு குப்பி என்று விற்பார்கள். நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் அதே ஹீமோகுளோபின்தான் அதையும் சிவப்பாக்குகிறது. மூச்சுக்குக் காற்றில்லாத சேற்றில் அது பிழைப்பதும் அதனால்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு தட்டில் பரப்பி, குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வைத்து, இரண்டு நாள் கழுவ வேண்டும். தண்ணீருக்குத் தெருமுனை அடிபம்பில் குடங்கள் வரிசையில் நிற்கும் ஊரில் நான் புழுவைக் கழுவுகிறேன் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். சொட்டுவதைப் பாதியில் நிறுத்திவிடுவாள். சரியாகக் கழுவாத புழு மீனுக்கு நோயைக் கொண்டுவரும். அந்த நீல ஃபைட்டர் வயிறு ஊதி, செதிலெல்லாம் விரிந்து நின்று செத்த நாளில் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மறுநாள் போய்க் கரிந்த சுவர்களைப் பார்த்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்த வாலின் நீலம்தான். இப்போது அங்கே புறநகர் ரயில் டிக்கெட் எடுக்கிறோம்.

வெள்ளைப்புழு என் வாழ்க்கைக்குள் வந்தது குன்னூரில். 1991இல் வங்கி வேலையில் அங்கே மாற்றலாகிப் போனேன். சிம்ஸ் பூங்காவுக்குப் போகும் சாலையில் ஓர் அறை. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். ஃபைட்டருக்கு அந்தக் குளிர் ஆகாது என்பதால் தங்கமீன் வளர்க்கலாம் என்று விசாரித்தபோது, எல்லாரும் கைகாட்டியது அருவங்காடு வெடிமருந்து ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை. அவர் வீட்டுப் பின்கட்டில் சிமென்டுத் தொட்டி. தொட்டியில் உள்ளங்கை அகலத் தங்கமீன்கள், வெயில் படும்போது கொன்றைப்பூ உதிர்ந்து மிதப்பதுபோல. "என்ன போடுறீங்க ஐயா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மாடிப்படிக்கு அடியில் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு பழைய தேயிலைப் பெட்டி, மேலே ஈரச் சாக்கு. பெட்டியின் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றது. எறும்பு ஏறாமல் இருக்க நம் வீடுகளில் பலகார அலமாரிக்குச் செய்வோமே, அதே ஏற்பாடு. சாக்கை விலக்கினார். கறுப்பு மண். மண்ணின் நடுவில் புகைப்படச் சட்டத்திலிருந்து கழற்றிய ஒரு கண்ணாடித் துண்டு. அதன் ஒரு முனையில் நகத்தைக் கொடுத்து மெல்லத் தூக்கினார்.

கண்ணாடியின் அடியில் வைத்திருந்த ரொட்டித் துண்டைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் அதே அளவில், அதே சதுரத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு மெத்தை. அந்த மெத்தை மூச்சு விட்டது. பார்க்கப் பார்க்க அதன் விளிம்பு மண்ணுக்குள் இறங்கிக் கரைந்தது. வெளிச்சம் பட்டால் ஒளிந்துகொள்ளுமாம். கண்ணாடியிலேயே ஒட்டி வந்த ஒரு கொத்தைப் பெரியவர் தண்ணீர்க் கிண்ணத்தில் அலசினார். மண் ஒரு துகள்கூட இல்லாமல், கத்தரித்த வெள்ளை நூல்போல அவை கிண்ணத்தின் அடியில் சுருண்டு விரிந்தன. மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தின் வாசனை, அவ்வளவுதான். இரண்டு நாள் கழுவியும் போகாத செம்புழுவின் நாற்றத்தில் வளர்ந்த எனக்கு, மீன்தீனி இப்படி மணக்கும் என்று அதுவரை தெரியாது.

"மீனோட சோத்துக்குச் சோறு போடணும் தம்பி. அப்புறம்தான் மீனு" என்றார்.

அன்று அவர் கற்றுக்கொடுத்தது இன்றும் விரலில் இருக்கிறது. சில்வர் ஓக் மரத்தடி இலைமக்கோடு தோட்டத்து மண்ணைக் கலக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து மண்ணுக்குப் புளிப்பு அதிகம், புழுவுக்கு அது பிடிக்காது. ஆகவே முட்டை ஓட்டை நன்றாக இடித்து ஒரு கைப்பிடி தூவ வேண்டும். ஈரம் எவ்வளவு என்றால், ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்தினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. பாலில் நனைத்த ரொட்டி, அல்லது மசித்த உருளைக்கிழங்கு, இரண்டு நாளில் தீருகிற அளவுக்கு மட்டும். மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சைக்குப் பின்னால் சிலந்திப்பேன் வரும், பேன் வந்தால் பெட்டி போயிற்று. பேக்கரியில் மிஞ்சும் ரொட்டி ஓரங்களை வாங்கிவரச் சொல்லி, போட வேண்டிய அளவைக் கட்டைவிரல் நகத்தில் காட்டினார். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் மீனுக்குக் கொடுக்காதே, இதில் கொழுப்பு அதிகம், மீன் உப்பிப்போய் முட்டை வைக்காது என்றார். பிறகு ஒரு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மண்ணோடு புழுவை அள்ளி, மேலே ஓர் இலையை வைத்து என் கையில் கொடுத்தார். உறைக்குக் கொஞ்சம் மோர் மாதிரி.

"உனக்குப் பெருகினதும் யாருக்காவது கொடுத்துரு" என்றார். அப்போது எனக்கு அது பெரியவர்கள் சொல்லும் பொதுவான நல்ல வார்த்தையாகத் தோன்றியது.

பெருகியது. ஒவ்வொரு புழுவும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால், மண்ணுக்குள் எங்கு பார்த்தாலும் முட்டைக் கூடு. இரண்டு வாரத்துக்குள் குஞ்சு, அப்புறம் மூன்று வாரத்தில் அந்தக் குஞ்சே முட்டையிடும் வயது. வங்கியில் நாள் முழுக்க வட்டி போட்டுவிட்டு வந்து, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடியைத் தூக்கி இந்தக் கூட்டுவட்டியைப் பார்ப்பதில் எனக்கு அப்படியொரு நிறைவு. பனி மூடிய மாலைகளில் பேச ஆளில்லாத அந்த அறையில், எனக்காகக் காத்திருக்கும் வீடு ஒன்று மண்ணுக்குள் இருந்தது.

மறு வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள், கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், குடையை மடக்கிக்கொண்டு பெரியவர் நிற்கிறார். கையில் காலிக் கொட்டாங்குச்சி. மாடிப்படிச் சுவர் ஒழுகி அவருடைய பெட்டியில் தண்ணீர் தேங்கி, மண் புளித்து, எல்லாம் போய்விட்டதாம். "தம்பி, உறைக்குக் கொஞ்சம் இருக்கா?" என்றார். அவர் கொடுத்த புழுவின் பேரப்பிள்ளைகளை அவருக்கே அள்ளிக் கொடுத்தபோது, முந்தைய வருஷம் அவர் சொன்ன வார்த்தை எனக்கு விளங்கியது. உயிருள்ள சொத்தைப் பூட்டிவைத்துக் காப்பாற்ற முடியாது. அடுத்த வீட்டில் கொஞ்சம் இருந்தால்தான் நம் வீட்டில் நிரந்தரமாக இருக்கும். அதற்குப் பிறகு நான் குன்னூரில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். கேட்காத இரண்டு பேருக்கும் கொடுத்தேன்.

1997 நவம்பரில் சென்னைக்கு மாற்றல். மலை ரயிலில், மடியில் ஒரு மண்சட்டியோடு இறங்கினேன். காட்டேரியில் குளிர்ந்த காற்று, ரன்னிமேடில் தூறல், ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது தோளில் லேசான இளவெயில், பல்சக்கரப் பாதை முடிகிற கல்லாறில் கழுத்தில் வியர்வை. ஒவ்வொரு நிலையத்திலும் சட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறியதும் சட்டியைச் சுற்றி ஈரத்துண்டு கட்டி ஜன்னலோரம் வைத்தேன். எதிர்சீட்டு அம்மாள் ராத்திரி முழுக்க அதில் தயிர் இருப்பதாக நினைத்துக்கொண்டு, சிந்தாமல் பார்த்துக்கொண்டாள். அந்த மாதிரிச் சகபயணிகள் அப்போது இருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள், நாம்தான் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

சைதாப்பேட்டையில் தரைத்தள வீடு. வெள்ளைப்புழுவுக்கு வேண்டியது பதினைந்திலிருந்து இருபது டிகிரி. சென்னை அதைக் காட்டுவது மார்கழி விடியற்காலையில், அதுவும் சில நாள். அம்மா குடிதண்ணீருக்கு வைத்திருந்த பழைய பானையைக் கேட்டு வாங்கி, அதற்குள் ஈர மணல் போட்டு, மணலுக்கு நடுவே புழுச்சட்டியை இறக்கினேன். பானையில் தண்ணீர் எப்படிக் குளிருகிறதோ அப்படியே சட்டியும் குளிரும் என்று கணக்கு. அம்மா எல்லாவற்றையும் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "மீனுக்குப் புழு, புழுவுக்குப் பாலு, பாலுக்கு நான் விடிய நாலு மணிக்கு பூத்துல நிக்கணும்."

அவள் மனம் மாறியது தை மாதத்தில். இத்தனை வருஷம் கழித்து மறுபடி ஒரு ஜோடி ஃபைட்டர் வாங்கி, வெள்ளைப்புழு போட்டுத் தேற்றியிருந்தேன். பெண்மீனின் வயிறு முட்டையால் உருண்டது. ஆண்மீன் வாயால் குமிழி விட்டுத் தண்ணீர்மேல் நுரைக்கூடு கட்டியது. முட்டைகள் வெள்ளை மணிமணியாக அடியில் இறங்க, ஆண்மீன் பாய்ந்து பாய்ந்து ஒவ்வொன்றையும் வாயில் ஏந்தி மேலே கொண்டுபோய்க் கூட்டுக்குள் வைத்தது. நழுவி விழுந்ததை மறுபடி எடுத்து வைத்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "ஆம்பிள மீனாடா இதெல்லாம் செய்யுது?" என்றாள். இரண்டாம் நாள் கூட்டிலிருந்து கண்ணிமை முடியளவு குஞ்சுகள் வால் கீழாகத் தொங்கியபோது, பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிவந்து காட்டியவளும் அவள்தான். குஞ்சுகளின் முதல் தீனிக்காகத் தண்ணீரில் வாழைப்பழத் தோலை ஊறவைத்து நுண்ணுயிரி வளர்க்க வேண்டும் என்றதும், தோலை எனக்கு முன்னால் அவளே எடுத்து வைத்தாள்.

1998 அக்னி நட்சத்திரத்தில் பானை தோற்றது. ஈர மணல் குளிர வேண்டுமானால் காற்று உலர்ந்திருக்க வேண்டும்; கடற்கரை ஊரின் காற்றே ஈரத்துணி மாதிரி கனத்துக் கிடக்கிறது. ஒரு நாள் அலுவலகத்திலிருந்து வந்து கண்ணாடியைத் தூக்கினால், வெள்ளை மெத்தை இருந்த இடத்தில் கஞ்சி. புளித்த நாற்றம். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், அலமாரியிலிருந்து ஒரு நீல இன்லேண்ட் கடிதத்தை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தாள். "அந்தப் பெரியவருக்கு ஒரு லெட்டர் போடு" என்றாள்.

பன்னிரண்டாம் நாள், அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவன் நீலகிரி எக்ஸ்பிரஸில் இறங்கி, விலாசம் தேடிக்கொண்டு வந்தான். கையில் அகன்ற வாய் பிளாஸ்க். காப்பி இருக்கும் என்று அம்மா வாங்கித் திறந்தாள். உள்ளே குன்னூர் மண், குன்னூர்க் குளிர், என் புழு. கூடவே ஒரு துண்டுச் சீட்டில் பெரியவரின் சாய்ந்த கையெழுத்து: நீ இங்கே விட்டுப்போனதுதான், திரும்ப அனுப்பியிருக்கிறேன். அன்று சாயங்காலம் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் கத்தரிக்காயையும் கீரையையும் ஓர் ஓரமாக ஒதுக்கி அம்மா இடம் பண்ணிக் கொடுத்தாள். அங்கே குளிர் தேவைக்கு அதிகம். பெருக்கம் மந்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த உயிர் அங்கே பதினேழு வருஷம் இருந்தது. பெரியவர் போனார், அம்மாவும் போனாள், புழு இருந்தது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி எங்கள் தெருவுக்குள் வந்தபோது, நாங்கள் மொட்டை மாடியில் நின்றோம். கீழே ஃபிரிட்ஜ் மிதந்தது. தண்ணீர் வடிந்தபின் இழந்தவற்றைப் பட்டியல் போட்ட தாளில் அதை எந்த வரியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு சில வருஷம் டப்பாத் தீனிதான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஜெர்மனியில் உல்ரிக் பேன்ஷ் என்பவர் 1950களில் செதில் தீனியைச் சந்தைக்குக் கொண்டுவந்ததால்தான், புழு தேட வழியில்லாத கோடி வீடுகளுக்குள் மீன்தொட்டி நுழைந்தது. கொளத்தூரில் கொல்லைப்புறத்தில் சிமென்டுத் தொட்டி கட்டிக் கப்பியும் மோலியும் ஃபைட்டரும் பெருக்கி, அந்த வருமானத்தில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய பெண்களின் உழைப்புக்குப் பின்னாலும் நல்ல தீனி கைக்கெட்டியதன் பங்கு இருக்கிறது. ஒரு சிட்டிகை தூவினால் வேலை முடிந்தது. நாற்றமில்லை, நோயில்லை, அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தில் மிச்சமான நேரம் எங்கே போயிற்று என்று யோசித்துப் பார்க்கிறேன். ரொட்டி ஓரம் வாங்கப் போகும் வழியில் பேக்கரிக்காரரோடு பேசிய பேச்சு, நகத்தில் அளந்த அளவு, கண்ணாடி தூக்கும் அந்தக் கணத்துக்கு முன் நெஞ்சில் ஒரு துடிப்பு, தபால்காரருக்குக் காத்திருந்த பன்னிரண்டு நாள், எல்லாம் அந்த நேரத்தோடு சேர்ந்து போய்விட்டன.

ஓய்வு பெற்ற பிறகு, பெரம்பூரில் மூன்றாம் மாடியில் இருக்கும்போது, மகள்தான் கைபேசியில் பார்த்துச் சொன்னாள்: வெள்ளைப்புழு விற்கிறார்களாம், கூரியரில் வருமாம். மூன்றாம் நாள் தெர்மோகோல் பெட்டி வந்தது. உள்ளே ஐஸ் பொதி, பிளாஸ்டிக் டப்பா, ஆறு வரிக் குறிப்பு. மூடியைத் திறந்தேன். அதே வெள்ளை, அதே மழை வாசனை. அனுப்பியவர் யார், அவருக்கு யார் கொடுத்தது என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விலைதான் இருந்தது. டிகிரி காட்டும் ஒரு குட்டிக் குளிர்பெட்டி வாங்கி, பதினாறில் வைத்தேன். பானையும் மணலும் மாதக்கணக்கில் போராடியதை ஒரு பொத்தான் செய்தது. பெரியவர் இருந்திருந்தால் அந்தச் சிவப்பு எண்ணைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார்.

கைபேசி எனக்கு இன்னொன்றும் கொடுத்தது: இருபத்தைந்து வருஷம் நான் சோறு போட்ட உயிரின் முழுப்பெயர். என்கைட்ரியஸ் ஆல்பிடஸ். 1837இல் அந்தப் பெயரை வைத்தவர் ஹென்லே. பள்ளிக்கூட உயிரியலில் சிறுநீரகப் படம் வரைந்து 'ஹென்லே வளைவு' என்று அம்புக்குறி போட்டோமே, அவரேதான். பெயரின் முதல் பாதி கிரேக்கம். அந்த மொழியில் கைட்ரா என்றால் மண்பானை. பானைக்குள் இருப்பது. அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. அம்மா கொடுத்த குடிதண்ணீர்ப் பானையை நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

எங்கள் அடுக்ககத்தில் நான்காம் மாடியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன். லிஃப்டில் என் கையில் மீன்வலையைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தவன். வெள்ளைப்புழு என்றதும், "நம்ம ஊர் சூட்டுக்கு கிரிண்டால் புழுதானே தாத்தா செட் ஆகும்?" என்று கேட்டான். சரிதான்; வெப்பம் தாங்கும் அந்தச் சின்ன வகைக்கு, அதை வளர்த்துக் காட்டிய ஸ்வீடன் நாட்டு மீன் ஆர்வலரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எனக்கு முப்பது வயதில் தெரிந்ததைவிட அவனுக்குப் பதினான்கு வயதில் அதிகம் தெரிகிறது. ஆனாலும் கண்ணாடியை நான் தூக்கிக் காட்டியபோது அவன் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்த பார்வையில், தேயிலைப் பெட்டிக்கு முன்னால் நின்ற என்னையே பார்த்தேன். ஒரு கொட்டாங்குச்சியைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் மண்ணோடு அள்ளி, துளசி இலை ஒன்றை மேலே வைத்துக் கொடுத்தேன். "பெருகினதும் யாருக்காவது கொடுத்துடு" என்றேன். தலையாட்டினான். அந்த வயதில் நான் ஆட்டியிருக்கக்கூடிய மாதிரியே.

போன மே மாதம், மகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினால், குளிர்பெட்டியின் சிவப்பு எண் அணைந்திருந்தது. எப்போது பழுதானதோ தெரியாது. கதவைத் திறந்ததும் 1998இன் நாற்றம். மண்ணைச் செடிக்குக் கொட்டினேன், டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். கூரியரில் வரவழைக்க இரண்டு நிமிஷம் போதும். மகளே கைபேசியை எடுத்துவிட்டாள். "இரு" என்றேன்.

சமையலறையில் தேங்காய் உடைத்து, கொட்டாங்குச்சியைத் துடைத்து எடுத்துக்கொண்டு நான்காம் மாடிக்குப் படியேறினேன். அழைப்பு மணியை அழுத்திவிட்டு நிற்கும்போது என் கை லேசாக நடுங்கியது. மழை இல்லை, குடை இல்லை. மற்றபடி குன்னூரில் என் வாசலில் நின்ற அதே மனிதன்தான் இங்கே நின்றான்.

பையன் கதவைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்தான், கையிலிருந்ததைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் உள்ளே போனான். கட்டிலுக்கு அடியிலிருந்து தெர்மோகோல் பெட்டி இழுபடும் சத்தம்; அதில் உறைந்த தண்ணீர் பாட்டிலைக் காலையும் மாலையும் மாற்றி வைத்துக் குளிர்ச்சி காக்கிறானாம். பாலில் நனைத்த ரொட்டிக்குப் பதிலாக முதல் நாள் மிஞ்சிய இட்லியை உதிர்த்துப் போடுகிறான், நன்றாகத் தின்கிறதாம். உள்ளிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது: "ஃப்ரீசர் முழுக்க இவன் பாட்டில்தான், ஒரு பச்சைப் பட்டாணி வைக்க இடமில்ல!"

நான் வாசலிலேயே நின்று அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பால் பூத்தில் விடிய நாலு மணிக்கு நின்றவளின் குரல் மாதிரியே இருந்தது.